திவாலுக்குப் பின் அமெரிக்காவில் வீட்டுக் கடன்: எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

டெக்சஸில் வசிக்கும் ஒருவரின் கேள்வி இது. கூட்டாளிகளுடன் தொடங்கிய உணவகம் நொடித்துப்போனது. அதே சமயத்தில் அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. 2023 மார்ச்சில் சாப்டர் 7 திவால் மனு போட்டார்; தவணைத் திட்டம் இல்லாமல் கடன்களைத் தீர்க்கும் வகை அது. ஜூலையில் நீதிமன்றம் கடன்களிலிருந்து விடுவித்தது. வேறு மாநிலத்தில் இருந்த வீட்டை வழக்கின்போதே வங்கிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் அந்த வீடு வங்கியின் பெயருக்கு மாறியதாக 2025 பிப்ரவரியில்தான் கடிதம் வந்தது. திவால் வழக்கும் பழைய வீட்டுக் கடனும் அவர் பெயரில் மட்டும் இருந்தவை. மனைவி செவிலியராக வேலை செய்கிறார். இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. "பத்து வருடம் எந்த வங்கிப் படியும் ஏற முடியாது என்கிறார் ஒருவர். இரண்டே வருடம் போதும் என்கிறார் இன்னொருவர். எங்களுக்கு எப்போது கடன் கிடைக்கும்? மனைவி பெயரில் மட்டும் வாங்கலாமா?"

பதினான்கு ஆண்டுகளாக வீட்டுக் கடன் கோப்புகளைப் படித்து, தரலாமா கூடாதா என்று முடிவெழுதும் அண்டர்ரைட்டர் வேலையில் இருக்கிறேன். திவாலானவர்களின் கோப்புகள் என் மேசைக்கு வராத மாதம் இல்லை. அவற்றில் தள்ளுபடியானவை பெரும்பாலும் திவால் என்ற காரணத்துக்காகத் தள்ளுபடியானவை அல்ல. தேதியைத் தப்பாக எண்ணியதாலும், காகிதம் கையில் இல்லாததாலும் போனவையே அதிகம்.

காகிதம் ஏன் இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்' என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் கடல் தாண்டியும் குறைவதில்லை. வழக்கு முடிந்த கையோடு கட்டுக்கட்டாக எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற எண்ணம். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த வீட்டுக்கான கதவை அந்தக் காகிதங்கள்தான் திறக்கும். அதனால் தயவுசெய்து எதையும் கிழிக்காதீர்கள்.

முதலில் அந்தப் பத்து வருடக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். சாப்டர் 7 வழக்கு, மனு போட்ட நாளிலிருந்து பத்து ஆண்டுகள் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது கடன் வரலாற்று அறிக்கையில், தெரியும். திட்டம் போட்டுத் தவணையாகக் கட்டும் சாப்டர் 13 வழக்கை ஏழு ஆண்டுகளில் நீக்கிவிடுவது கிரெடிட் நிறுவனங்களின் வழக்கம். எத்தனை நாள் கண்ணுக்குத் தெரியும் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. கடன் தரலாமா கூடாதா என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. அது கடனின் வகைக்கு ஏற்ப மாறும். 'இரண்டு வருடம்' என்று சொன்னவரும் ஒரு வகைக் கடனை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது எஃப்.எச்.ஏ. எனும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீடு உள்ள கடன். அதில் சாப்டர் 7 வழக்குக்கு, விடுவிப்பு ஆணை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. கடனிலும் பொதுவாக அதே இரண்டு ஆண்டுகள். கிராமப்புறப் பகுதிகளுக்கான யு.எஸ்.டி.ஏ. கடனில் மூன்று. வங்கிகள் தந்த வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளின்படி தரப்படும் சாதாரணக் கடனில், அதாவது கன்வென்ஷனல் கடனில், நான்கு ஆண்டுகள். சாப்டர் 13 வழக்காக இருந்து, திட்டப்படி தவணைகளைக் கட்டி முடித்து விடுவிப்பும் பெற்றிருந்தால் ஃபேனி மே இரண்டே ஆண்டுகள் கேட்கிறது; கட்டிய ஆண்டுகளைக் காத்திருந்த காலமாகவே அது மதிக்கிறது. தவணையைக் கட்ட முடியாமல் அந்த வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் நான்கு ஆண்டுகள். ஏழு ஆண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட திவால் மனுக்கள் போட்டவர்களுக்கு ஐந்து.

இந்த எண்களைத் தேடினால் யாருக்கும் கிடைக்கும். தடுமாறுவது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில். ஒரு திவால் வழக்கில் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு: மனு போட்ட தேதி, விடுவிப்புத் தேதி, வழக்கு மூடப்பட்ட தேதி. திவாலானவரின் சொத்துகளைக் கவனிக்கும் டிரஸ்டி ஏதாவது ஒரு சொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வழக்கு மூட மேலும் ஓராண்டு இழுக்கலாம். சாப்டர் 7 வழக்கில் கடனுக்கான கடிகாரம் விடுவிப்புத் தேதியில் ஓடத் தொடங்கும். மனு போட்ட நாளிலிருந்து எண்ணி நான்கு மாதம் முன்கூட்டியே வருகிறவர்களும் உண்டு. வழக்கு மூடிய நாளிலிருந்து எண்ணி வீணாக ஓராண்டு வாடகை கட்டியவர்களும் உண்டு.

உங்கள் விஷயத்தில் நான்காவது தேதி ஒன்றும் இருக்கிறது. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 2025 பிப்ரவரிதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி.

வீட்டை வங்கிக்கு விட்டுக்கொடுப்பதாக 2023-இல் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். கடன் பொறுப்பு ஜூலையில் உங்களை விட்டுப் போனது. ஆனால் பத்திரத்தில் அந்த வீடு உங்கள் பெயரிலேயே இருந்தது. வங்கி ஏலத்தை முடித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு வீடு ஜப்தியானால் எஃப்.எச்.ஏ. மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. உரிமை கை மாறிய நாளில்தான் அந்த மூன்று ஆண்டுகள் தொடங்குகின்றன. 2025 பிப்ரவரியுடன் மூன்றைக் கூட்டினால் 2028 பிப்ரவரி. திவாலுக்கான இரண்டு ஆண்டுகள் 2025 ஜூலையிலேயே முடிந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் இரண்டு காலங்களில் பிந்தையதுதான் செல்லும்.

ஃபேனி மே வேறு மாதிரி பார்க்கிறது. ஜப்திக்கு அதன் வழக்கமான காலம் ஏழு ஆண்டுகள். அதைக் கேட்டதும் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் அந்த வீட்டுக் கடன் திவால் வழக்கிலேயே தீர்க்கப்பட்டிருந்தால், வங்கி பிற்பாடு எப்போது ஜப்தியை முடித்திருந்தாலும், திவாலுக்கான காலத்தை மட்டும் எண்ணினால் போதும் என்று அதன் விதி சொல்கிறது. அப்படித் தீர்க்கப்பட்டது என்பதற்கு ஆவணம் வேண்டும். 2023 ஜூலையுடன் நான்கைக் கூட்டுங்கள்: 2027 ஜூலை.

ஆக, 'எளிதான கடன்' என்று எல்லோரும் கைகாட்டும் எஃப்.எச்.ஏ. உங்களுக்கு ஏழு மாதம் பின்னால் வருகிறது. 'கடினமான கடன்' முன்னால் வருகிறது. ஆவணம் இல்லாவிட்டால் அதே ஃபேனி மே விதி ஏழு ஆண்டுகளாகி 2032-க்குப் போய்விடும். ஒரு காகிதத்துக்கு நாலரை ஆண்டுக்கு மேல் விலை. காகிதத்தைக் கிழிக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

என்னென்ன காகிதங்கள்? விடுவிப்பு ஆணை ஒன்று. கடன்களைப் பட்டியலிட்ட ஷெட்யூல்களில் டி என்ற பகுதி. ஈடு வைத்த கடன்கள் வரும் இடம் அது, உங்கள் பழைய வீட்டுக் கடன் அங்கே இருக்க வேண்டும். வீட்டை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, விட்டுக்கொடுக்கப் போகிறீர்களா என்று நீங்கள் குறித்துக் கொடுத்த படிவம். வீடு கை மாறியதைக் காட்டும், அந்த மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரத்தின் நகல். முதல் மூன்றும் உங்கள் வழக்கறிஞரிடம் இருக்கும். அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேஸர் என்ற இணைய வசதியில் நீங்களே கணக்குத் தொடங்கி எடுக்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் அதுவும் வசூலிக்கப்படுவதில்லை.

இனி மனைவி பெயரில் வாங்குவது பற்றி. நீங்கள் தயங்கித் தயங்கிக் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதில் தயங்க ஒன்றுமில்லை. திவால் வழக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தது. பழைய கடனிலும் அவர் கையெழுத்து இல்லை. அப்படியானால் அவருடைய ரிப்போர்ட்டில் இரண்டுமே வராது. அவருடைய சம்பளம் மட்டுமே மாதத் தவணைக்குப் போதுமென்றால், கன்வென்ஷனல் கடனுக்கு அவர் இன்றைக்கே விண்ணப்பிக்கலாம். எந்தக் காத்திருப்பும் இல்லை. யாரையும் ஏமாற்றுவதும் ஆகாது. கடனுக்குப் பொறுப்பேற்பவர் அவர், பார்க்கப்படுவதும் அவருடைய வரவு செலவுதான்.

ஆனால் உங்கள் வருமானத்தை ஒரு டாலர்கூட அதில் சேர்க்க முடியாது. சேர்த்தால் நீங்களும் விண்ணப்பதாரர் ஆகிவிடுவீர்கள், உங்கள் 2023-ம் கூடவே வரும். டெக்சஸ் கணவன் மனைவி கூட்டுச் சொத்துரிமை உள்ள மாநிலம் என்பதால் இன்னொன்றும் உண்டு. கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா போன்ற மாநிலங்களிலும் இதே நிலைதான். அங்கே மனைவி எஃப்.எச்.ஏ. கடன் கேட்டால், கணவர் விண்ணப்பத்தில் இல்லாவிட்டாலும் கணவருடைய கடன்களின் மாதத் தவணைகளைச் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். உங்கள் திவாலைக் காரணம் காட்டி அவரை மறுக்க முடியாது. உங்கள் கார் தவணை மட்டும் அவர் கணக்கில் ஏறும். கன்வென்ஷனல் கடனில் அதுவும் ஏறாது. முடிக்கும் நாளில் சில பத்திரங்களில் உங்களையும் கையெழுத்திடச் சொல்வார்கள். வீட்டின் மீதான உரிமை தொடர்பான கையெழுத்து அது. கடன் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்காது.

ஒரு செவிலியர் சம்பளத்தில் தவணை தாங்குமா என்று பார்க்கும்போது, அசலும் வட்டியும் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, அதனால் சொத்து வரி கனமானது. வரியையும் வீட்டுக் காப்பீட்டையும் மாதத்துக்கு வகுத்துச் சேர்த்த பிறகு வரும் எண்ணைத்தான் நாங்கள் பார்ப்போம். என்னிடம் வந்த ஒரு டெக்சஸ் கோப்பில் இந்த இரண்டும் சேர்ந்து அசல் வட்டித் தொகையில் பாதியை எட்டியிருந்தன. அந்தத் தம்பதி அதுவரை அதைக் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

இதே நிலையில் எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025 மே 25 முதல், கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டினருக்குப் பொதுவாக எஃப்.எச்.ஏ. காப்பீடு கிடைப்பதில்லை. பழைய தகவலை நம்பி 'இரண்டு வருடம் முடிந்தது' என்று போய் நிற்காதீர்கள். ஃபேனி மே பக்கம் சட்டப்படி தங்கியிருப்பவர்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது; திவாலுக்கான நான்கு ஆண்டுகள் அங்கே உங்களுக்கும் பொருந்தும்.

'எங்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலை' என்று காட்டினால் காலம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விதியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. ஃபேனி மே நான்கை இரண்டாக்கும், எஃப்.எச்.ஏ. திவாலுக்கான இரண்டை ஒன்றாக்கும். குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்துபோவது, கடுமையான நோய் போன்று திடீரென வந்து, நீண்ட நாள் வருமானத்தைக் குலைத்த, மீண்டும் வர வாய்ப்பில்லாத நிகழ்வாக அது இருக்க வேண்டும். உங்கள் அறுவைச் சிகிச்சையைக் காட்டலாமே என்று தோன்றும். நான் அந்தக் கோப்பைப் படித்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். ஷெட்யூல்களில் ஈடில்லாத கடன்கள் உள்ள பகுதியைத் திறப்பேன். மருத்துவமனைக்குப் பாக்கி எவ்வளவு, உணவகத்துக்காகத் தேய்த்த கார்டுகளில் பாக்கி எவ்வளவு என்று கூட்டுவேன். பெரும்பகுதி உணவகத்துடையது என்றால், சிகிச்சையால்தான் திவாலானது என்ற வாதம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தொழில் நஷ்டத்தை இந்த விதிக்குள் கொண்டுவருவது மிகக் கடினம். இதற்காக அலைவதைவிட, உங்களுக்கு இருக்கும் காலத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவது நல்லது.

அந்தக் காலத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை ரிப்போர்ட்டைத் துப்புரவாக்குவது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களிலும் வாரம் ஒரு முறை இலவசமாக ரிப்போர்ட் எடுக்கலாம். மூன்றையும் அச்செடுத்து, ஷெட்யூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடனாகப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். திவாலில் தீர்ந்த ஒவ்வொரு கணக்கிலும் பாக்கி பூஜ்யம் என்றும், திவாலில் சேர்க்கப்பட்டது என்றும் இருக்க வேண்டும். பல கோப்புகளில் அப்படி இருப்பதில்லை. கார்டு ஒன்று 'வராக் கடன், பாக்கி 8,412 டாலர்' என்று இன்னும் உயிரோடு நிற்கும். அல்லது அந்தக் கடனை வேறொரு வசூல் நிறுவனம் வாங்கித் தன் பெயரில் புதிதாகப் பதிந்திருக்கும். சட்டப்படி நீங்கள் ஒரு காசு தர வேண்டியதில்லை. ஆனால் கணினி அதை உயிருள்ள கடனாக எண்ணி, கடன் ஒழுங்குக்கான மதிப்பெண்ணான ஸ்கோரையும் கெடுக்கும், வருமானத்துக்கு எதிரான கடன் விகிதத்தையும் கெடுக்கும்.

விடுவிப்பு ஆணையின் நகலையும் அந்தக் கடன் இருக்கும் ஷெட்யூல் பக்கத்தையும் இணைத்து ஆட்சேபம் எழுதுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்துத் திருத்த வேண்டும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் இதைத் தொடங்காதீர்கள். ஒரு கணக்கு 'ஆட்சேபத்தில் உள்ளது' என்ற குறிப்போடு இருந்தாலே கோப்பு நின்றுவிடலாம். அந்தக் குறிப்பை நீக்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்புவோம். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

பிழையை ஒரே மாதத்தில் அழித்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று சொல்லும் 'கிரெடிட் ரிப்பேர்' ஆட்களிடம் போகாதீர்கள். வேலை முடியும் முன் பணம் வாங்குவதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சரியான தகவலை யாராலும் நீக்க முடியாது. தவறான தகவலை நீக்க ஒரு தபால் தலை போதும்.

ஸ்கோரைப் பொறுத்தவரை, கைபேசிச் செயலிகள் இலவசமாகக் காட்டும் எண்ணை நம்பி இருக்க வேண்டாம். வீட்டுக் கடனுக்குப் பார்க்கும் ஸ்கோர் வேறு கணக்கில் வருவது. மூன்று நிறுவனங்களிடமிருந்தும் மூன்று எண்கள் வந்தால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வது வழக்கம். எஃப்.எச்.ஏ. விதிப்படி 580 இருந்தால் 3.5 சதவீத முன்பணம் போதும். 500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம். ஆனால் கடன் தரும் நிறுவனங்கள் இதற்கு மேல் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளை வைத்திருப்பார்கள்; 580 போதும் என்று விதி சொன்னாலும் 620 கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மறுத்தால் எல்லோரும் மறுத்ததாக ஆகாது என்பது இதனால்தான்.

ஸ்கோரைக் கட்ட, டெபாசிட் வைத்து வாங்கும் செக்யூர்டு கார்டு ஒன்று, இரண்டு போதும். 500 டாலர் வரம்புள்ள கார்டில் மாதம் 40 டாலருக்குப் பெட்ரோல் போட்டு, தானாகவே முழுத் தொகையும் கட்டப்படும்படி வைத்துவிடுங்கள். மாத அறிக்கை தயாராகும் அன்று இருக்கும் பாக்கிதான் பெரும்பாலும் கிரெடிட் நிறுவனங்களுக்குப் போகிறது. அதனால் பெரிய செலவு செய்த மாதத்தில் அந்த நாளுக்கு முன்பே கட்டிவிடுவது நல்லது. திவாலுக்கு முன் நடந்த தாமதங்கள் எத்தனை இருந்தாலும் நான் பதற மாட்டேன், அதற்குத்தானே திவால். விடுவிப்புக்குப் பின் ஒரே ஒரு முப்பது நாள் தாமதம் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். பழைய கதை முடிந்துவிட்டது என்ற வாதத்தையே அது உடைத்துவிடுகிறது.

வாடகையை ஒருபோதும் ரொக்கமாகக் கட்டாதீர்கள். தெரிந்தவர் வீட்டு மாடியில் குடியிருந்து மாதாமாதம் கையில் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அண்டர்ரைட்டருக்கு அந்த வாடகை இல்லாத வாடகை. பன்னிரண்டு மாதம் வங்கிக் கணக்கிலிருந்து ஒரே தேதியில் போன வாடகை, ஸ்கோரில் இருபது புள்ளி குறைவாக இருந்தாலும் பேசும். குறிப்பாகக் கணினி 'நான் முடிவு சொல்ல மாட்டேன், மனிதர் பார்க்கட்டும்' என்று தள்ளிவிடும் கோப்புகளில், நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

முன்பணமும் அப்படியே. கைமாற்றாக வாங்கியது, சீட்டுப் பணம், நண்பர் ரொக்கமாகத் தந்தது எல்லாம் வங்கி அறிக்கையில் திடீரென முளைத்தால் கேள்வி வரும். மாத வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட எந்த வரவுக்கும், வீடு வாங்கும் கடனில், எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் கேட்பது ஃபேனி மே நடைமுறை. ஊரிலிருந்து பெற்றோர் பணம் அனுப்பினால் தாராளமாக வாங்கலாம். இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம், அவர்கள் கணக்கிலிருந்து போனதற்கான அறிக்கை, உங்கள் கணக்கில் விழுந்ததற்கான அறிக்கை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். திவாலானவர் கோப்பில் இந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாக வரும். புதிதாக மறைமுகக் கடன் வாங்கித்தான் முன்பணம் கட்டுகிறாரோ என்பதுதான் நாங்கள் பார்ப்பது.

காத்திருக்கவே வேண்டாம், விடுவிப்புக்கு மறுநாளே தருகிறோம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. ஃபேனி மே, எஃப்.எச்.ஏ. விதிகளுக்கு வெளியே கடன் தருபவர்கள். சட்டவிரோதமானவர்கள் இல்லை, ஆனால் அதிக முன்பணமும் அதிக வட்டியும் கேட்பார்கள். எடுத்துக்காட்டுக்கு 3 லட்சம் டாலர், முப்பது ஆண்டுக் கடன் என்று வையுங்கள். 6.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,896 டாலர். 9 சதவீதத்தில் சுமார் 2,414 டாலர். மாதம் 518 டாலர் வித்தியாசம். இரண்டு ஆண்டுகளில் 12,400 டாலருக்கு மேல். பிறகு குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றும்போதும் அதே காத்திருப்பு விதிகள் உண்டு, மாற்றச் செலவும் உண்டு, அன்றைய வட்டி என்னவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முறை கடனில் மூழ்கி எழுந்த குடும்பம் இந்தச் சுமையை ஏற்பதை நான் விரும்பவில்லை.

விண்ணப்பப் படிவத்தில், கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் அறிவித்தீர்களா என்ற கேள்வி இருக்கும். ஆம் என்று குறித்து, எந்தச் சாப்டர் என்பதையும் குறியுங்கள். நீதிமன்றப் பதிவு எப்படியும் எங்களுக்குத் தெரியவரும். இல்லை என்று குறித்தால் பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகும். கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கான உச்ச தண்டனை முப்பது ஆண்டு சிறையும் பத்து லட்சம் டாலர் அபராதமும். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. கூச்சத்தில் 'இல்லை' என்று குறித்த நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாத் தகுதியும் இருந்தும் அந்த ஒரு கட்டத்தில் போட்ட குறியால் அவர்கள் கோப்பு மூடப்பட்டது.

பழைய வீட்டுக் கடன் எஃப்.எச்.ஏ. காப்பீடு உள்ளதாக இருந்திருந்தால் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். அரசு தொடர்பான கடன்களில் தவறியவர்களின் பட்டியல் கேவர்ஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் நின்றால் எஃப்.எச்.ஏ., வி.ஏ. போன்ற அரசுக் கடன்கள் நகராது. மாணவர் கடன் தவறியவர்களும் இதில் வருவார்கள். மாணவர் கடன் பொதுவாகத் திவாலில் தீர்வதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் பெயர் இருக்கிறதா என்று கடன் தரும் நிறுவனம்தான் பார்த்துச் சொல்ல முடியும். விண்ணப்பத்துக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, விளக்கக் கடிதம். கோப்பில் ஒரு பக்கத்துக்கு மிகாமல், ஏன் திவாலானீர்கள் என்று எழுதித் தரச் சொல்வார்கள். இதில் பலர் மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். கூட்டாளி செய்த துரோகம், வழக்கறிஞரின் அலட்சியம், உறவினர் பேசிய பேச்சு என்று நான்கு பக்கம் வரும். படிக்கும்போது எனக்கும் மனம் கனக்கிறது. ஆனால் அதில் ஒரு தேதி இருக்காது. உங்கள் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"2021-இல் கூட்டாகத் தொடங்கிய உணவகம் 2022 அக்டோபரில் மூடப்பட்டது. அதற்காக என் பெயரில் வாங்கிய கார்டு கடன்களைக் கட்ட முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் வருமானம் இல்லை. 2023 மார்ச்சில் சாப்டர் 7 மனு; ஜூலையில் விடுவிப்பு. 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நிறுவனத்தில் மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். எந்தத் தொழிலிலும் பங்கில்லை. அதன் பிறகு எந்தத் தவணையும் தாமதமானதில்லை. வாடகை ஆதாரமும் நான்கு மாதச் செலவுக்கான சேமிப்பு ஆதாரமும் இணைத்திருக்கிறேன்."

தேதிகளையும் விவரங்களையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும். 'எந்தத் தொழிலிலும் பங்கில்லை' என்ற வரி உங்களுக்கு முக்கியமானது. உங்கள் திவாலுக்குக் காரணம் தொழில். அந்தக் காரணம் இப்போது இல்லை என்பதைத்தான் அண்டர்ரைட்டர் தேடுவார்.

மனைவியின் சம்பளம் போதுமானால் அவர் பெயரில் இப்போதே தொடங்குங்கள். போதாவிட்டால் 2027 ஜூலையை நாட்காட்டியில் குறித்துவைத்து, அந்த ஆண்டு ஜனவரியில் ரிப்போர்ட் மூன்றையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் இரண்டு மூன்று நிறுவனங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் தரும் முன், "சாப்டர் 7 விடுவிப்பு 2023 ஜூலை, வழக்கில் தீர்க்கப்பட்ட வீட்டுக் கடன், ஜப்தி 2025 பிப்ரவரி, எந்தக் காலத்தை எண்ணுவீர்கள்?" என்று கேளுங்கள். உடனே "ஏழு வருடம்" என்று சொல்பவரிடம், திவாலில் தீர்ந்த வீட்டுக் கடனுக்கான ஃபேனி மே விதியைப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுத் திரும்ப அழைப்பவரிடம் கோப்பைக் கொடுங்கள்.

பேஸரில் கணக்குத் தொடங்குவதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்த நான்கு காகிதங்களையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் பாஸ்போர்ட்டுகள் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.